இரண்டு ஊர்களும் நம் ஊர்களே!

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்பாளனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

 

"உங்களுக்குச் சொந்த ஊர் எது?" நம் சமுதாயத்தில் ஸலாமுக்கு அடுத்தபடியாகக் கேட்கப்படும் வினா இது. நலம் விசாரிக்கப் பிறந்த இவ்வினா, அண்மைக் காலமாக ஆளை நிறுத்தி விசாரணை செய்யும் வினாவாகிவிட்டது. சென்னையில் முப்பது ஆண்டுகள் குடியிருக்கும் ஒருவர் பெருநாளுக்குப் பூதலூர் வந்தால், பள்ளிவாசல் திண்ணையில் அவர் 'மெட்ராஸ்காரர்'. அவரே சென்னையில் தம் தெருப் பள்ளிவாசல் கூட்டத்தில் ஒரு கருத்துச் சொல்ல எழுந்தால் 'தஞ்சாவூர்க்காரர்'. இரண்டு இடங்களிலும் அவரை ஊர்ப் பெயரால்தான் அழைக்கிறார்கள்; இரண்டு இடங்களிலும் அது மற்ற ஊரின் பெயராகவே இருக்கிறது.

இது தவறு என்பதே நம் வாதம். ஒரு மனிதருக்கு இரண்டு ஊர்கள் இருக்கலாம். ஒன்றில் பாதி, மற்றொன்றில் பாதி என்றில்லாமல், இரண்டிலும் அவர் முழுமையாகவே ஊர்க்காரராக இருக்கலாம். இதை மறுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கு எதிராகவும், இதையே சாக்காக வைத்து இரண்டு ஊர்களின் கடமைகளிலிருந்தும் நழுவிக்கொள்வோருக்கு எதிராகவும் ஒருசேர இதனை எழுதுகிறோம்.

மக்காவும் மதீனாவும்

ஊர்ப்பற்றைப் பேசும் மேடைகளில், தாயகத்தை நேசிப்பது ஈமானில் ஒரு பகுதி என்ற பொருள்படும் வாசகம் நபிமொழியாகவே அடிக்கடி எடுத்தோதப்படுகிறது. ஹதீஸ் கலை அறிஞர்கள் அதற்கு ஆதாரமில்லை என்று கூறியுள்ளனர். அந்த வாசகம் நமக்குத் தேவையும் இல்லை. ஆதாரமுள்ள செய்திகளே போதுமான அளவுக்குப் பேசுகின்றன.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மக்காவின் ஹஸ்வரா என்னும் இடத்தில் நின்று, அல்லாஹ்வின் பூமியில் அந்நகரமே தமக்கு மிக விருப்பமானது என்றும், அதன் மக்கள் வெளியேற்றியிராவிட்டால் தாம் வெளியேறியிருக்கமாட்டோம் என்றும் கூறினார்கள். இதனைத் திர்மிதீ பதிவு செய்திருக்கிறார். அதே நபியவர்கள் மதீனாவுக்கு வந்த பின், தோழர்கள் காய்ச்சலில் துவண்டபோது, மக்காவை நேசித்தது போல, அல்லது அதனினும் அதிகமாக, மதீனாவை எங்களுக்கு நேசமுள்ளதாக ஆக்குவாயாக என்று இறைவனிடம் இறைஞ்சினார்கள். இது புகாரீயில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக வருகிறது.

இந்த துஆவின் பின்னணியைக் கவனியுங்கள். பிலால் (ரலி) அவர்கள் காய்ச்சல் தணியும்போதெல்லாம் மக்காவின் பள்ளத்தாக்கையும், அங்கு முளைக்கும் புல்பூண்டுகளையும், அதன் சுனையையும் நினைத்து ஏங்கினார்கள். எந்த மக்கா? சுடுமணலில் அவரைக் கிடத்திப் பாறையை நெஞ்சில் ஏற்றிய மக்கா. அந்த ஏக்கத்தைக் கேள்வியுற்ற நபியவர்கள், "ஹிஜ்ரத் செய்து வந்த பின் பழைய ஊரின் நினைப்பு எதற்கு?" என்று கண்டிக்கவில்லை. பழைய ஊரின் அன்பை அழிக்கும்படியும் இறைவனிடம் கேட்கவில்லை. புதிய ஊரின் அன்பைச் சேர்த்துத் தரும்படி கேட்டார்கள். நம் கட்டுரையின் முழு வாதமும் இந்த ஒரு துஆவுக்குள் அடங்கிவிடுகிறது.

அந்த துஆ ஏற்கப்பட்டதற்கான அடையாளங்களும் ஹதீஸ்களில் உள்ளன. பயணம் முடிந்து திரும்புகையில் மதீனாவின் சுவர்கள் கண்ணில் பட்டதும், அதன்மீதுள்ள நேசத்தால் நபியவர்கள் வாகனத்தை விரைவுபடுத்துவார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். உஹது மலையைக் காட்டி, அது நம்மை நேசிக்கிறது, நாமும் அதை நேசிக்கிறோம் என்றார்கள். பிறந்து வளர்ந்த ஊரின் மலையன்று அது. ஐம்பது வயதைக் கடந்து குடியேறிய ஊரின் மலை.

ஹிஜ்ரி 8இல் மக்கா வெற்றிகொள்ளப்பட்டது. குறைஷியருக்கு நபியவர்கள் காட்டிய கருணையைக் கண்ட அன்சாரிகள், சொந்த ஊரும் உறவும் இனி அவரை இங்கேயே நிறுத்திவிடுமோ என்று கலங்கினர். தம் வாழ்வும் மரணமும் அவர்களோடுதான் என்று நபியவர்கள் உறுதியளித்தார்கள். அவ்வாறே மதீனாவில் அடங்கினார்கள். அதற்காக மக்காவை அந்நியம் என்று கூறினார்களா? இல்லை.

'கடல்காரப் பெண்மணி'

அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி நம் திண்ணைப் பேச்சுகளுக்கே சொல்லப்பட்டது போல இருக்கிறது. அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் செய்து, ஆண்டுக்கணக்கில் அங்கு வாழ்ந்து, ஹிஜ்ரி 7இல் கைபர் வெற்றியின்போது கப்பலில் வந்து சேர்ந்த கூட்டத்தில் அவர்களும் ஒருவர். அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களின் இல்லத்தில் அவரைக் கண்ட உமர் (ரலி) அவர்கள், இவர்தாம் அந்த அபிசீனியாக்காரரா, கடல்காரரா என்று கேட்டு, ஹிஜ்ரத்தில் நாங்கள் உங்களை முந்திவிட்டோம், ஆகவே அல்லாஹ்வின் தூதரிடம் எங்களுக்கே அதிக உரிமை என்றார்கள். அஸ்மா (ரலி) அவர்கள் சினம் கொண்டார்கள். தொலைவான அந்நிய மண்ணில் தாங்கள் பட்ட துன்பத்தை எடுத்துரைத்தார்கள். நபியவர்களிடமே சென்று முறையிட்டார்கள். உமருக்கும் அவர் தோழர்களுக்கும் ஒரு ஹிஜ்ரத், கப்பலில் வந்த உங்களுக்கோ இரண்டு ஹிஜ்ரத்கள் என்று நபியவர்கள் தீர்ப்பளித்தார்கள்.

வெளியூரில் வாழ்ந்த ஆண்டுகளைக் குறையாகக் காட்டிய பேச்சுக்கு, அந்த ஆண்டுகளே கூடுதல் சிறப்பு என்ற விடை கிடைத்தது. உமர் (ரலி) போன்ற மாமனிதர் சொன்னபோதே திருத்தப்பட்ட ஒரு சொல்லை, நாம் திண்ணையில் அமர்ந்து எவ்வளவு எளிதாக வீசுகிறோம்!

சட்டம் சொல்வது என்ன?

"இவர் இங்கே வந்தால் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தொழுகிறார். அவரே தம்மைப் பயணி என்று ஒப்புக்கொண்ட பிறகு, ஊர் விஷயத்தில் அவருக்கு என்ன வேலை?" இவ்வாறு வாதிடுவோரும் இருக்கின்றனர். மார்க்கத்தின் பெயரால் வருவதால் இதற்கு மார்க்கத்திலிருந்தே விடை கூறுவோம்.

ஹனஃபீ சட்ட நூல்கள் 'வதன்' என்னும் ஊரைப் பிரித்துப் பேசுகின்றன. ஒருவர் பிறந்து வாழ்கின்ற, அல்லது மணமுடித்துக் குடும்பத்தோடு நிலைத்துவிட்ட ஊர் 'வதனெ அஸ்லீ'. பதினைந்து நாட்களோ அதற்கு மேலோ தங்கும் எண்ணத்துடன் இருக்கும் ஊர் 'வதனெ இகாமத்'. குடும்பத்தை முழுவதுமாகப் பெயர்த்துக்கொண்டு, திரும்பி வாழும் எண்ணமின்றி வேறோர் ஊரில் நிலைத்துவிட்டால் பழைய வதன் நீங்கிவிடும். ஆனால் இரண்டு ஊர்களிலும் குடும்பம் வாழ, ஒன்றைத் துறக்கும் எண்ணம் இல்லையெனில், இரண்டுமே வதனெ அஸ்லீதான். இரண்டிலும் முழுமையாகத் தொழவேண்டும் என்றே ஃபுகஹாக்கள் எழுதியுள்ளனர். ஒரு மனிதருக்கு ஒரே ஊர்தான் என்று நம் திண்ணை சொல்கிறது. சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. குடும்பம் முழுவதும் சென்றுவிட்டு வீடும் நிலமும் மட்டும் எஞ்சியிருந்தால் என்ன என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபினர் தம் ஆலிம்களிடம் தம் நிலையை விளக்கிக் கேட்டுக்கொள்ளட்டும்.

இனி, சுருக்கித் தொழுபவரின் நிலையைப் பார்ப்போம். மக்கா வெற்றியின்போது நபியவர்கள் அங்கு பத்தொன்பது நாட்கள் தங்கித் தொழுகையைச் சுருக்கியே தொழுததாக இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். தாங்கள் பயணிகள், ஆகவே நீங்கள் நான்காகத் தொழுது நிறைவு செய்யுங்கள் என்று மக்காவாசிகளிடம் கூறியதாகவும் அபூதாவூதில் வருகிறது. பிறந்த ஊரில், கஅபாவின் அருகில், பயணியாகத் தொழுதார்கள். அதனால் மக்காவின்மீது அவர்களுக்கிருந்த நேசம் குறைந்ததா? மக்காவின் காரியங்களில் அவர்களுக்கு உரிமை இல்லை என்றாகிவிட்டதா? தொழுகையின் ரக்அத் கணக்கு ஒரு சட்டம். ஊரின்மீதுள்ள உறவு வேறொரு சட்டம். முன்னதைக் கொண்டு பின்னதை வெட்டுவது கல்வியாகாது.

ஹிஜ்ரத் செய்தவர்கள் ஹஜ் கிரியைகளை முடித்தபின் மூன்று நாட்களுக்கு மேல் மக்காவில் தங்கக்கூடாது என்ற ஹதீஸைச் சிலர் எடுத்துக்காட்டலாம். அது அல்லாஹ்வுக்காக மக்காவைத் துறந்து சென்ற முஹாஜிர்களுக்குரிய சட்டம். வேலைக்காகத் திருப்பூருக்கும் சென்னைக்கும் சென்றவர் பூதலூரைத் துறந்தவர் அல்லர். மேட்டூரில் தண்ணீர் இல்லாத ஆண்டில் ஊரைவிட்டுச் சென்றவரிடம் ஊரைத் துறந்தாயா என்று கேட்பது அநீதி. 1934 முதல் மேட்டூர் அணையை நம்பி வாழும் மண் இது. ஜூன் 12இல் திறக்கவேண்டிய மதகு திறக்காவிட்டால் குறுவை இல்லை. 2016-17இன் வறட்சியை டெல்டாவில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். வயலில் வேலை இல்லையென்றால் உரக்கடையில் வியாபாரம் இல்லை, ஜவுளிக்கடையில் இல்லை, இறைச்சிக் கடையிலும் இல்லை. சென்றவர் ஊரை வெறுத்தா சென்றார்?

நம் முன்னோர் சபுராளிகள்

இரண்டு ஊர் வாழ்க்கை இன்று முளைத்த புதுமையும் அன்று. 'சபுராளி' என்றொரு சொல்லையே உண்டாக்கி வைத்திருக்கும் சமுதாயம் நம்முடையது. நாகூர், நாகப்பட்டினம், கூத்தாநல்லூர், ராஜகிரி, பண்டாரவாடை, அதிராம்பட்டினம் என்று நம் மாவட்டங்களின் முஸ்லிம் ஊர்களில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆள் செல்லாத தெரு அரிது. 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் சென்னையையும் நாகப்பட்டினத்தையும் பினாங்கோடும் சிங்கப்பூரோடும் பல பத்தாண்டுகள் இணைத்தது.

அந்தச் சபுராளிகள் அக்கரையில் என்ன செய்தார்கள்? சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையில் எழுந்த நாகூர் தர்கா இன்றும் நிற்கிறது. 1974இல் அந்நாட்டு அரசு அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. தர்கா பற்றிய மார்க்க விவாதத்தை இங்கு எடுக்கவில்லை. அதைப் பிறிதோர் இடத்தில் பேசலாம். கட்டியவர்களின் மனநிலையைத்தான் இங்கு காட்டுகிறோம். விட்டு வந்த ஊரின் பெயரையே வந்த ஊரின் தெருவில் நட்டார்கள். அதே பகுதியில் 1820களில் சூலியா முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமிஆ பள்ளிவாசலும் அல் அப்ரார் பள்ளிவாசலும் இன்றளவும் தொழுகைக்குத் திறந்திருக்கின்றன. பினாங்கில் 1801ஐ ஒட்டி நிறுவப்பட்ட கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் வரலாறும் நம் மக்களிடமிருந்தே தொடங்குகிறது.

தென்கோடியிலுள்ள கடையநல்லூரின் மக்கள் சிங்கப்பூரில் 1941இல் தம் ஊர்ப் பெயரால் முஸ்லிம் லீக் என்ற அமைப்பைக் கண்டனர். ஊர்ப் பெயரால் அமைந்த சங்கம்தான். ஆனால் 1946இல் அவர்கள் தொடங்கியது உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி. சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயரால் நடந்த அப்பள்ளி, பின்னர் தமிழ்வழி உயர்நிலைக் கல்வியும் தந்து 1982வரை இயங்கியது. பிறந்த ஊரை மறக்கவுமில்லை. வாழ்ந்த ஊருக்குக் கொடுக்கத் தவறவுமில்லை.

இந்தியாவின் அரசமைப்புச் சட்டமும் சிங்கப்பூரின் சட்டமும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அக்குடும்பங்கள் ஒரு கடவுச்சீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அது நாட்டின் சட்டம், அதற்குக் கட்டுப்பட்டார்கள். கடவுச்சீட்டு ஒன்றே ஆனபின்னும் ஊர் இரண்டாகவே இருந்தது. அரசாங்கம்கூடக் கேட்காத கேள்வியை, முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சென்னையிலிருந்து வருகிறவரிடம் நம் திண்ணை கேட்கிறது!

நன்கொடைக்கு உள்ளூர், கருத்துக்கு வெளியூர்

ஊர் நிர்வாகிகளிடம் மரியாதையோடு, ஆனால் தெளிவாகக் கேட்கிறோம். மினாரா கட்டும்போது சென்னைக்கும் துபைக்கும் ரசீதுப் புத்தகம் அனுப்பப்படுகிறது. அப்போது அவர் 'நம்ம ஊர்ப் பிள்ளை'. மினாராவின் கணக்கு வாசிக்கப்படும் கூட்டத்தில் அவர் ஒரு வினா எழுப்பினால், "வெளியூரில் இருப்பவருக்கு உள்ளூர் நிலவரம் தெரியாது" என்ற விடை வருகிறது. பணத்துக்கு உள்ளூர்க்காரர், பேச்சுக்கு வெளியூர்க்காரர் என்ற இந்த இரட்டை அளவுகோலுக்கு எந்தக் கிதாபில் ஆதாரம் இருக்கிறது? அளவையில் மோசடி செய்வோரைக் குர்ஆன் கடுமையாக எச்சரிப்பதை நாம் வியாபாரிகளுக்கு மட்டுமே பயான் செய்கிறோம்.

ஊரில் இருப்பவரின் குறையையும் அறிவோம். அன்றாடம் பள்ளிவாசலைத் திறப்பதும், மின்மோட்டார் பழுதானால் ஆளைத் தேடுவதும், நள்ளிரவில் மையத் செய்தி வந்தால் எழுந்து ஓடுவதும் அவர்தான். ஆண்டுக்கு இருமுறை வந்து குறை சொல்லிவிட்டுச் செல்பவர்மீது அவருக்கு எரிச்சல் வருவது இயல்பே. ஆனால் எரிச்சலைச் சட்டமாக்கக் கூடாது. வருகிறவரின் பேச்சைத் தடுப்பதற்குப் பதிலாக, வேலையில் ஒரு பங்கை அவரிடம் ஒப்படைப்பதே சரியான மருந்து.

நகரத்துச் சகோதரர்களே, உங்களுக்கும் கேள்வி உண்டு

சென்னையிலோ கோவையிலோ இருபது ஆண்டுகள் வாழ்ந்தும், அந்த மஹல்லாவின் பதிவேட்டில் பெயர் இல்லாத குடும்பங்கள் எத்தனை! கேட்டால், "எங்களுக்கு ஊர் ஜமாஅத் இருக்கிறது" என்கிறார்கள். ஊர் ஜமாஅத்தில் கேட்டால், சந்தா நின்று பத்தாண்டுகள் ஆகியிருக்கும். இரண்டு ஊர்கள் இருக்கின்றன என்று சொல்லிக்கொள்ளும் இவர்கள், உண்மையில் இரண்டிலுமே இல்லை. நிக்காஹ் நேரத்தில் ஜமாஅத் கடிதம் தேவைப்படும்போதுதான் ஊர் நினைவுக்கு வருகிறது. ஜனாஸா நேரத்தில் ஆறடி நிலம் தேவைப்படும்போதுதான் தெருப் பள்ளிவாசலின் முத்தவல்லி யார் என்று விசாரிக்கிறார்கள்.

நாம் நேரில் அறிந்த ஒரு நிகழ்ச்சி. நகரத்தில் நெடுங்காலம் வாழ்ந்த ஒருவர் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் வஃபாத்தானார். பிள்ளைகள் ஊருக்கு அழைத்தனர். பாக்கியைப் பற்றிய பேச்சு முதலில் எழுந்தது. நகரத்துப் பள்ளிவாசலை அணுகினர். உறுப்பினர் பட்டியலில் பெயர் இல்லை என்றார்கள். இரண்டு பக்கமும் கல்நெஞ்சர்கள் அல்லர். இறுதியில் இரண்டு பக்கமும் இறங்கி வந்தன. ஆனால் அதற்குள் இரவு கழிந்துவிட்டது. ஜனாஸாவை விரைவுபடுத்துங்கள் என்பது நபிகளாரின் கட்டளை. அந்த இரவு முழுவதும் அம்மையத் குளிர்பெட்டியில் இருந்தது, தொலைபேசிகள் பேசிக்கொண்டிருந்தன. வாழ்நாள் முழுவதும் இரண்டு ஊர்களுக்கு உழைத்த மனிதர், அன்று ஒரு ஊரும் இல்லாதவராகக் கிடந்தார்.

ஊர் என்பது வெறும் உணர்ச்சியன்று, அது ஹக். எந்த ஊரில் அண்டை வீட்டாரின் பசியும் நோயும் உமக்குத் தெரியுமோ, எந்த ஊரில் ஒரு மையத்தைக் குளிப்பாட்ட உம்மை அழைப்பார்களோ, அதுவே உம் ஊர். இரண்டு ஊர்களில் அவ்வாறு வாழ்ந்தால் இரண்டும் உம்முடையவை. ஒன்றிலும் அவ்வாறு வாழவில்லையென்றால், பத்திரப் பதிவு அலுவலகத்தில் எத்தனை மனைகள் உம் பெயரில் இருந்தாலும் உமக்கு ஊர் இல்லை.

உலகத்தில் வழிப்போக்கரைப் போல் இருக்கும்படி நபிமொழி சொல்கிறதே, ஊர் என்ன, மஹல்லா என்ன என்று சிலர் ஞானம் பேசுகிறார்கள். அதைச் சொன்ன நபியவர்கள் மதீனாவுக்கு வந்ததும் பள்ளிவாசல் கட்டினார்கள். முஹாஜிர்களையும் அன்சாரிகளையும் சகோதரர்களாக இணைத்தார்கள். தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்த ஸஃது பின் ரபீஃ (ரலி) அவர்களிடம், துஆச் செய்துவிட்டுக் கடைவீதிக்கு வழி கேட்டார்கள் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி). வந்த ஊரில் விருந்தாளியாகவே காலம் கழிக்க அவர்கள் விரும்பவில்லை. வழிப்போக்கர் என்பது உள்ளத்தின் நிலை. சந்தா கொடுக்காமல் இருப்பதற்கான அனுமதிச் சீட்டன்று.

மையத்தை ஏன் சுமந்து அலைகிறோம்?

நகரத்தில் வஃபாத்தானவரை இரவோடு இரவாக வண்டியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவருவது இன்று வழக்கமாகிவிட்டது. சொந்த மண்ணில் அடங்கினால்தான் நிம்மதி என்று கருதுகிறார்கள். உஹதுப் போரில் வீழ்ந்தவர்களை மக்கள் எடுத்துச் செல்ல முற்பட்டபோது, வீழ்ந்த இடத்திலேயே அடக்கும்படி நபியவர்கள் ஆணையிட்டதாக ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் சகோதரர் அப்துர் ரஹ்மான் (ரலி) மக்காவுக்கு வெளியே மரணித்து, மக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கப்பட்டார். தாம் அருகில் இருந்திருந்தால் மரணித்த இடத்திலேயே அடக்கியிருப்போம் என்று அன்னையவர்கள் கூறினார்கள். கொண்டுசெல்லப்பட்டது மக்காவுக்கு! அதற்கே இந்தச் சொல். காரணமின்றித் தொலைதூரம் கொண்டுசெல்வதை ஹனஃபீ நூல்கள் வெறுக்கின்றன. ஷாஃபிஈ அறிஞர் பலர் தடுக்கவே செய்கின்றனர்.

நபியவர்களை மதீனாவில் முதலில் தம் வீட்டில் தங்கவைத்த அபூஅய்யூப் அல்அன்சாரீ (ரலி) அவர்களின் கபர் இஸ்தான்புல்லில் இருக்கிறது. மதீனாவின் பெண்மணி உம்மு ஹராம் (ரலி) சைப்ரஸில் அடங்கியிருக்கிறார்கள். முஆத் பின் ஜபல் (ரலி) ஷாம் தேசத்தில் அடங்கினார்கள். மறுமையில் எழுப்பப்படுவதற்குப் பூதலூர் மண்ணும் சென்னை மண்ணும் ஒன்றே.

நம் பெண்களிடம் கேட்டோமா?

இரண்டு ஊர்களில் வேரூன்றுவதை ஆண்களுக்கு முன்பே கற்றவர்கள் நம் பெண்கள். பிறந்த வீடு ஓர் ஊர், புகுந்த வீடு வேறோர் ஊர். நிக்காஹ் முடிந்த மறுநாளே அவளுடைய பெயர் பிறந்த மஹல்லாவின் கணக்கிலிருந்து நீங்கிவிடுகிறது. கணவன் வஃபாத்தானாலோ, தலாக் நிகழ்ந்தாலோ, பிறந்த ஊரில் 'கட்டிக்கொடுத்த பெண்', புகுந்த ஊரில் 'வந்த பெண்'. அவளுக்காகப் பேச எந்த ஜமாஅத் அமர்கிறது? இரண்டு ஊர்களும் அவளுடையவை என்று ஏற்றிருந்தால், இரண்டு ஜமாஅத்களும் அமர்ந்திருக்குமே!

பிள்ளைகளின் நிலையும் அதுவே. மே மாத விடுமுறையில் நம் மக்தபுக்கு வந்து அமரும் பிள்ளைகள் சிலர், "இது அத்தாவுடைய ஊர்" என்கிறார்கள். "உன் ஊர்?" என்றால் விடை இல்லை. வாழும் நகரத்தை வீட்டில் ஓயாமல் பழித்துப் பேசிப் பழக்கினோம். ஊருக்கு வந்தாலோ கொசுவையும் மின்வெட்டையும் பழித்தோம். இரண்டையும் வெறுக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, பிள்ளைக்குப் பிடிப்பு இல்லை என்று வருந்துகிறோம்.

கஅபாவை முன்னோக்குவோர்

நம்மிடமே வேறொரு கூட்டம் இதே கேள்வியை வேறு தொனியில் கேட்பதுண்டு: "உங்கள் மனம் இங்கேயா, மக்காவிலா?" இரண்டு ஊர்களை நேசிக்க முடியாது என்ற அதே தவறான கணக்கே அங்கும் இருக்கிறது. நாளுக்கு ஐந்து முறை கஅபாவை முன்னோக்கும் நாம், நிற்பது காவிரி மண்ணில். ஸஜ்தாவில் நெற்றி படுவதும் இந்த மண்ணில்தான். ஆயினும் நம் சொந்தச் சகோதரரிடமே ஒரே ஊரைக் காட்டச் சொல்லிவிட்டு, அந்தக் கேள்விக்கு நாம் எந்த முகத்தோடு விடை சொல்வது? நம் திண்ணையை முதலில் திருத்துவோம்.

கல்லணையில் காவிரியும் வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும் பிரிகின்றன. எந்த வாய்க்கால் தண்ணீர் உண்மையான காவிரி என்று நம் விவசாயி கேட்பதில்லை. தன் வயலுக்கு வந்து சேர்ந்ததா என்றே கேட்கிறான். நாற்றங்காலில் வளர்ந்த நாற்று வேறு வயலில் நடப்பட்டுத்தான் கதிர் பிடிக்கிறது. அதனால் நாற்றங்காலை யாரும் பழிப்பதில்லை. நட்ட வயலை அந்நிய வயல் என்பதுமில்லை.

செய்யவேண்டியவை

ஒவ்வொரு ஜமாஅத்தும் வெளியூரில் வாழும் தம் குடும்பங்களுக்கெனத் தனிப் பதிவேடு வைக்கட்டும். குறைந்த சந்தா போதும். கணக்கு அறியவும் கருத்துச் சொல்லவும் உரிமை தரட்டும். பாக்கியைப் பற்றிய பேச்சு மையத்தின் முன்னிலையில் எக்காரணத்தாலும் எழக்கூடாது.

நகரத்தில் குடியேறுகிறவர் வாடகை ஒப்பந்தம் எழுதிய அந்த மாதத்திலேயே தெருப் பள்ளிவாசலில் பெயர் பதியட்டும். நகரத்து மஹல்லாக்கள், "எந்த ஊர்?" என்று கேட்டபின், "இனி இதுவும் உங்கள் ஊர்" என்று சொல்லட்டும்.

ஒவ்வொருவரும் வஸிய்யத் எழுதட்டும். மரணிக்கும் இடத்திலேயே அடக்கும்படி அதில் குறிப்பிட்டால், பிள்ளைகளின் பெரிய துயரம் ஒன்று நீங்கும்.

பதினொரு மாதங்கள் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் ஓர் அறையையாவது, வாடகைக்கு வழியில்லாத இமாமுக்கோ, விதவைக்கோ, பிள்ளைகள் ஓதுவதற்கோ திறந்துவிடுங்கள். பூட்டிய வீடு ஊர்ப்பற்றுக்குச் சான்றாகாது.

மணமுடித்துச் சென்ற பெண்ணின் பெயரைப் பிறந்த மஹல்லாவும் விட்டுவிடாமல் வைத்திருக்கட்டும். அவளுக்கு ஒரு வழக்கு வந்தால் இரண்டு ஜமாஅத்களும் சேர்ந்தே அமரட்டும்.

யா அல்லாஹ்! நாங்கள் பிறந்த ஊரையும் வாழும் ஊரையும் எங்களுக்கு நேசமுள்ளவையாக ஆக்குவாயாக! இரண்டின் ஹக்குகளையும் குறைவின்றி நிறைவேற்றும் ஆற்றலைத் தருவாயாக! எங்கள் மண்ணில் மழையையும், எங்கள் ஆறுகளில் தண்ணீரையும், எங்கள் திண்ணைகளில் நற்சொல்லையும் தருவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.